சதையிக் கான் ஒடுக்கம்: ஸ்கான் அறிக்கையில் ஒரு வரி, அதன் பின்னால் மூன்று கேள்விகள்

மாதக்கணக்கில் வயிற்று நோவோடு திரிந்து, கடைசியில் ஸ்கான் எடுத்தவரின் அறிக்கையில் சில வேளை இப்படி ஒரு வரி வரும்: “சதையியின் பிரதான கான் உடற்பகுதியில் 7 மில்லிமீற்றர் விரிந்துள்ளது, தலைப்பகுதியில் ஒடுக்கம்.” அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும். கான் என்பது சதையியின் (கணையத்தின்) சாறு குடலுக்குப் போகும் குழாய். கிளினிக் நெரிசலில் வைத்தியர் விளங்கப்படுத்தியதில் பாதிதான் மனதில் நிற்கும். வீட்டுக்கு வந்து பிள்ளைகள் கைபேசியில் தேடினால் முதல் பக்கத்திலேயே புற்றுநோய் என்று வரும். களுவாஞ்சிக்குடியிலும் சரி, அக்கரைப்பற்றிலும் சரி, அன்றிரவு அந்த வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள்.

ஒடுக்கம் என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் தடிமனுக்கும் வரும், டெங்குக்கும் வரும். அதைப்போல ஒடுக்கம் ஆறிப்போன பழைய தழும்பாக இருக்கலாம், புதிதாக முளைத்த கட்டியாகவும் இருக்கலாம். அதனால் இதன் பிறகு நடக்கும் பரிசோதனைகள் எல்லாம் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுபவைதான்:

1. இது புற்றுநோயா?
2. இல்லையென்றால் எதனால் வந்தது?
3. நோவுக்கும் மெலிவுக்கும் இந்த ஒடுக்கம்தான் காரணமா? இதைத் திறந்துவிட்டால் ஆளுக்குச் சுகம் வருமா?

இந்த வரிசை மாறக் கூடாது. “அடைப்பு என்றால் எடுத்துவிட வேண்டியதுதானே, ஏன் இவ்வளவு டெஸ்ட்?” என்று குடும்பத்தார் கேட்பது நியாயம்தான். ஆனால் முதல் கேள்விக்குப் பதில் இல்லாமல் மூன்றாவதற்குத் தாவினால், கட்டியைத் தழும்பென்று நினைத்து மாதங்களை இழக்க நேரிடும்.

சதையியும் அதன் கானும்

நமது பள்ளிக்கூடப் புத்தகங்கள் சதையி என்கின்றன. தமிழ்நாட்டில் கணையம் என்பார்கள். இரண்டும் ஒன்றே. இரைப்பைக்குப் பின்னால், முள்ளந்தண்டுக்குக் குறுக்கே, ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளத்தில் கிடக்கும் மென்மையான சுரப்பி அது. வலப்பக்கம் தலை, நடுவில் உடல், இடப்பக்கம் மண்ணீரலை நோக்கி வால். இன்சுலினை இரத்தத்துக்குள் விடுவது அதன் ஒரு வேலை. சமிபாட்டுச் சாற்றைக் குடலுக்குள் விடுவது மற்ற வேலை. நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் அளவில் சுரக்கும் அந்தச் சாற்றில் கொழுப்பு, புரதம், மாப்பொருள் மூன்றையும் உடைக்கும் நொதியங்கள் இருக்கின்றன.

சாற்றைக் கொண்டுபோவதுதான் கான். வீதியோரத்துக் கானுக்கு நாம் சொல்லும் அதே சொல். வாலில் தொடங்கித் தலைவரை சுரப்பியின் நடுவால் ஓடுகிறது. 1642 இல் இத்தாலியின் பாதுவா நகரில் விர்சுங் என்பவர் இதை மனித உடலில் கண்டு வரைந்ததால் விர்சுங் கான் என்றும் பெயர். வால் பக்கம் ஒன்று, இரண்டு மில்லிமீற்றர். தலையில் 3 மில்லிமீற்றர் அளவு. ஓர் ஈர்க்கின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தலைக்குள் வந்ததும் ஈரலிலிருந்து இறங்கும் பித்தக்கானோடு சேர்ந்து முன்சிறுகுடலில் பொதுவான ஒரு வாயால் திறக்கிறது. அந்த வாயைச் சுற்றி ஒரு சின்னத் தசை வளையம் உண்டு.

மட்டக்களப்பு வாவியைத் தெரிந்தவருக்கு இதற்கு மேல் படம் வேண்டாம். மாரியில் முகத்துவாரத்து மணல்மேடு அடைத்து நின்றால் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் படுவான்கரை வயல்களில் ஏறி நிற்கும். கானும் அப்படித்தான். ஒடுங்கிய இடத்துக்கு மேலே சாறு தேங்கிக் கான் வீங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, தேங்கிய இடத்தில் கல்சியம் படிந்து கல்லாகிறது. அறிக்கையில் 7 மில்லிமீற்றர் என்று இருப்பது ஒடுங்கிய இடத்தின் அளவு அல்ல; அதற்கு மேலே வீங்கிய இடத்தின் அளவு. இதைப் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள்.

எதனால் ஒடுங்குகிறது?

1. நாட்பட்ட சதையி அழற்சி. மிக அதிகமாகக் காணும் காரணம் இதுதான். திரும்பத் திரும்ப அழன்று ஆறும்போது மென்மையான சுரப்பி நார்த்தழும்பாக இறுகி, நடுவால் ஓடும் கானையும் இழுத்து நெரிக்கிறது. பல ஆண்டுக் குடி இதற்குப் பெரிய காரணம். கசிப்பா, சாராயமா, பியரா என்று சதையி பார்ப்பதில்லை. எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பதுதான் கணக்கு. புகைத்தல் தனியாகவே சதையியைக் கெடுக்கும், குடியோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. வெற்றிலையோடு போடும் புகையிலையும் பாதுகாப்பானது இல்லை. வாய், களம், சதையி ஆகிய மூன்று இடங்களிலும் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை வகைப்படுத்தியிருக்கிறது.

2. குடிக்காதவர்களுக்கு வரும் அழற்சி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெப்பவலய நாடுகளில், முக்கியமாகத் தென்னிந்தியாவில், இளவயதிலேயே சதையிக் கான் நிறையக் கற்களோடு, ஒருநாளும் மது தொடாதவர்களுக்கு வரும் ஒரு வகை உண்டு. கேரளத்தில் வைத்தியர் கீவர்கீஸ் 1960களில் இதைப் பெருமளவில் பதிவுசெய்தார். சிறுவயதில் விட்டு விட்டு வரும் வயிற்று நோவு, இருபது வயதையொட்டிச் சீனி வருத்தம், உடல் மெலிவு என்று அது போகும். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று நெடுநாள் பேசப்பட்டது, ஆனால் அது நிரூபிக்கப்படவில்லை. பிற்பாடு இந்த நோயாளர் பலரிடம் ஸ்பிங்க் 1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரியவந்தது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சதையி என்றாலே குடிகாரன் வருத்தம் என்று ஊரில் ஒரு பேச்சு. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடமும், தொழுகை தவறாத மனிதரிடமும் அந்தச் சந்தேகக் கண்ணோடு கேட்கும்போது அவர்கள் அடுத்த முறை வைத்தியசாலைப் பக்கமே வராமல் விடுகிறார்கள். அது பெரிய அநியாயம்.

3. முன்பு வந்த கடும் அழற்சி. பித்தக்கல்லாலோ வேறெதனாலோ ஒருமுறை கடுமையாக வந்து போனது, ஆறும்போது தழும்பாகிவிடும்.

4. அடி. சைக்கிளிலிருந்து விழும் பிள்ளையின் மேல்வயிற்றில் ஹாண்டில் குத்தும்போது சதையி முள்ளந்தண்டோடு நசிகிறது. அன்றைக்கு ஒரு கண்டலோடு போய்விடும். மாதங்கள் கழித்து நோவு தொடங்கும். பிள்ளை விழுந்ததை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள், வைத்தியர் கேட்டால்தான் வெளியே வரும்.

5. உடலின் எதிர்ப்புச் சக்தியே சதையியைத் தாக்கும் வகை. அரிதானது. ஸ்டீரொய்ட் மருந்துக்கு இந்த ஒடுக்கம் உருகிப் போவதுபோலக் குறையும். ஆனால் புற்றுநோய் இல்லை என்று தெளிந்த பிறகே அந்த மருந்தைத் தொடங்க வேண்டும்.

6. சதையித் தலையிலோ உடலிலோ வரும் கட்டி. கானின் உட்சுவரில் சளி சுரக்கும் கட்டிகளும் இதில் சேரும்.

உடம்பு என்ன சொல்கிறது?

மேல்வயிற்றின் நடுவில் நோவு, அங்கிருந்து நேரே முதுகுக்குக் குத்தும். சாப்பிட்டால் கூடும். மல்லாந்து படுக்க முடியாது. எழுந்து குந்தி, தலையணையை வயிற்றோடு அணைத்து முன்னால் வளைந்தால் கொஞ்சம் இளகும். அந்த இருப்பைப் பார்த்தாலே அனுபவமுள்ள வைத்தியருக்குச் சதையி ஞாபகம் வரும். ஆனால் பெரும்பாலானோர் இதைக் காஸ்ட்ரைட்டிஸ் என்று எடுத்து, பாமசியில் குளிசை வாங்கிப் போட்டு ஓராண்டைக் கடத்திவிடுகிறார்கள். நோவுக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பதால் மெலிவு வேறு.

இரண்டாவது அடையாளம் மலம். வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, துர்நாற்றத்தோடு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் மிதந்துகொண்டே நிற்கும். கொழுப்பு சமிக்காமல் வெளியேறுகிறது என்று அர்த்தம். சதையி நொதியம் சுரக்கும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கை இழந்த பிறகுதான் பொதுவாக இது வெளியே தெரியும். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுவோர் அதிகம். வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டிய சங்கதி இது.

மூன்றாவது சீனி. சதையி கெடும்போது வரும் நீரிழிவு சாதாரண நீரிழிவிலிருந்து வேறுபட்டது. சீனியை இறக்கும் இன்சுலினோடு, ஏற்றும் குளுக்ககனும் குறைவதால் இன்சுலின் ஊசி போடும்போது சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரக்கூடும்.

செங்கண்மாரி, நடுக்கத்தோடு காய்ச்சல், விடாத சத்தி, ஐம்பதுக்கு மேல் புதிதாகச் சீனியும் கூடவே உடல் மெலிவும். இவற்றில் ஒன்று இருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது.

எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்?

இரத்தத்தில் அமைலேஸ், லிப்பேஸ் என்ற சதையி நொதியங்களைப் பார்ப்பார்கள். கடும் அழற்சியில் இவை எகிறும். நாட்பட்ட நோயில் இயல்பாகவே இருக்கலாம், ஏனென்றால் சுரக்கத் திசு மிஞ்சியிருக்காது. “இரத்தம் நல்லாயிருக்கு, அப்போ ஒன்றுமில்லை” என்ற முடிவு பிழைப்பது இங்கேதான். புற்றுநோய்ச் சந்தேகத்தில் சீ.ஏ. 19-9 என்ற இரத்தப் பரிசோதனையும் கேட்கப்படும். அது கூடியிருந்தால் உடனே புற்றுநோய் என்று முடிவுகட்டக் கூடாது. பித்தக்கான் அடைத்துச் செங்கண்மாரி இருந்தாலே கூடும். குறைவாக இருப்பதாலும் புற்றுநோய் இல்லை என்றாகிவிடாது.

வயிற்று அல்ட்ராசவுண்ட் முதல் படி. வெறும் வயிற்றோடு போக வேண்டும். ஆனாலும் இரைப்பையிலும் குடலிலும் உள்ள காற்று சதையியை மறைக்கும், வால் பகுதியை முக்கியமாக. “சதையி தெளிவாகத் தெரியவில்லை” என்று அறிக்கையில் இருந்தால் சதையி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்க்க முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

சி.ரி. ஸ்கான் அடுத்த படி. நரம்பால் சாயமருந்து ஏற்றி எடுப்பார்கள். கட்டி, கல், சுரப்பியின் சுருக்கம், பக்கத்து இரத்தக்குழாய் எல்லாம் இதில் தெரியும். சாயமருந்துக்கு முன் சிறுநீரகம் எப்படி என்று கிரியேட்டினின் பார்ப்பார்கள். பித்தக்கானும் சதையிக் கானும் இரண்டுமே விரிந்திருந்தால் சதையித் தலையில் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் கூடுகிறது, ஏனென்றால் இரண்டும் சேரும் இடம் அதுதான்.

கானின் உருவத்தை நன்றாகக் காட்டுவது எம்.ஆர்.சி.பி. கதிர்வீச்சு இல்லை, குழாய் இறக்கத் தேவையில்லை. உடலுக்குள் இருக்கும் திரவத்தை மட்டும் வெள்ளையாகக் காட்டும் காந்தப் படம் அது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடாகக் கான் தெரியும். ஓரிடத்தில் கோடு மெலிந்து அறும், அதற்கு அப்பால் புடைத்து நெளிந்து போகும். ஒரே இடத்தில் திடீரென்று வெட்டியதுபோல் நின்றால் கட்டிச் சந்தேகம் கூடும். பல இடங்களில் ஒடுங்கி ஒடுங்கி, நடுவில் கற்களோடு மணிமாலைபோல் போனால் நாட்பட்ட அழற்சி என்ற பக்கம் சாயும்.

நமது மாவட்டங்களில் இந்தப் பரிசோதனைக்கு முன் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. யுத்த காலத்தில் பட்ட ஷெல் துண்டோ சன்னமோ உடலில் இருக்கும் எத்தனையோ பேர் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கிறார்கள். முப்பது வருடமாக நோகாமல் கிடப்பதால் அதைச் சொல்லவே தோன்றாது. வலிய காந்தத்துக்குள் போகும்போது அந்த இரும்பு அசையலாம், சூடேறலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. “காயம் பட்டிருக்கிறதா?” என்று ஊழியர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். எக்ஸ்ரே எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள்.

இன்னும் சந்தேகம் தீராவிட்டால் ஈ.யூ.எஸ். கமரா விட்டுப் பார்ப்பதுபோலத்தான்; ஆனால் குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். இரைப்பைச் சுவருக்கு மறுபுறமே சதையி என்பதால் மிகக் கிட்டவிருந்து பார்க்கலாம், சந்தேகமான இடத்தில் ஊசியால் சிறு துணுக்கும் எடுக்கலாம். நாட்பட்ட அழற்சியில் இறுகிப்போன சதையியில் எடுத்த துணுக்கில் புற்றுக்கலம் இல்லை என்று வந்தாலும் சில நேரம் அது முடிவான பதிலாகாது. சில மாதத்தில் மீண்டும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

திறந்துவிடுவது எப்படி?

தழும்பால் வந்த ஒடுக்கம் என்று தெரிந்த பிறகுதான் சிகிச்சைப் பேச்சு. நோவும் இல்லை, அழற்சியும் திரும்ப வரவில்லை என்றால் பொதுவாக ஒடுக்கத்தைத் தொடத் தேவையில்லை. நோவு உள்ளவருக்கு முதலில் மதுவையும் புகையையும் நிறுத்துவது, படிப்படியாக வலி மருந்து. அதோடு நிற்காவிட்டால் இரண்டு வழி.

ஒன்று ஈ.ஆர்.சி.பி. வாயால் வளையும் குழாயை இறக்கி, முன்சிறுகுடலில் கான் திறக்கும் வாயைக் கண்டுபிடித்து, தசை வளையத்தைச் சற்று வெட்டுவார்கள். முகத்துவாரம் வெட்டுவதுபோல. ஆனால் அடைப்பு வாவியின் நடுவில் இருந்தால் வாயை மட்டும் வெட்டிப் பயனில்லையே. அதனால் மெல்லிய கம்பி ஒன்றை ஒடுக்கத்தைத் தாண்டி அனுப்பி, அதன்மேல் சிறு பலூனால் ஒடுங்கிய இடத்தை விரித்து, ஸ்டென்ட் என்ற பிளாஸ்டிக் குழாயைப் பொருத்துகிறார்கள். வழக்கமாக வைக்கும் 10 பிரெஞ்ச் அளவு என்பது 3.3 மில்லிமீற்றர் தடிப்பு. பெரிய கல் வழியை மறித்திருந்தால் வெளியிலிருந்து அதிர்வலை அடித்துக் கல்லை முதலில் நொறுக்குவார்கள். ஸ்டென்ட் சில மாதத்தில் அடைபடும். ஆகவே மாற்றி மாற்றி ஏறத்தாழ ஒரு வருடம் வைத்திருந்து, தழும்பு விரிந்த நிலையில் நிலைத்த பிறகு எடுத்துவிடுவார்கள். ஈ.ஆர்.சி.பி.யாலேயே சிலருக்குக் கடும் அழற்சி வரும். அதைக் குறைக்க ஆசனவாயால் டைக்ளோபெனக் அல்லது இண்டோமெத்தசின் வைப்பது இப்போது வழமை.

இரண்டாவது சத்திரசிகிச்சை. விரிந்த கானை நீளவாக்கில் திறந்து, சிறுகுடலின் ஒரு வளையத்தை அதன்மேல் பக்கவாட்டாகத் தைத்துவிடுவது. சாறு பழைய வாயைத் தேடிப் போகாமல் நேரே குடலுக்குள் வடியும். தலைப்பகுதி இறுகித் தடித்திருந்தால் அதன் நடுப்பகுதியையும் குடைந்து எடுப்பார்கள். கட்டி அல்லது கட்டிச் சந்தேகம் என்றால் வேறு வகையான பெரிய சத்திரசிகிச்சை.

எது நல்லது? இங்கே ஆய்வுகள் ஒரு பக்கம் சாய்கின்றன. நெதர்லாந்தில் 39 நோயாளரை இரண்டாகப் பிரித்து 2007 இல் வெளியான ஆய்வில் சத்திரசிகிச்சை செய்தவர்களில் 75 வீதத்தினருக்கு நோவு தணிந்தது, ஈ.ஆர்.சி.பி. குழுவில் 32 வீதம். அதே நாட்டில் 88 பேரோடு நடந்து 2020 இல் வெளியான ஆய்விலும், சத்திரசிகிச்சையை முற்கூட்டியே செய்தவர்களுக்கு ஒன்றரை வருடத்தில் நோவு குறைவாக இருந்தது. “வயிற்றை வெட்டுவது கடைசி வழி” என்று நாம் நினைப்பது எப்போதும் சரியல்ல. ஐந்தாறு வருடம் நோவு தின்ற பிறகு நரம்புகளே மாறிப்போகும். அப்புறம் கானைத் திறந்தாலும் நோவு முழுதாகப் போகாது. ஸ்டென்ட் இரண்டு முறை மாற்றியும் நோவு நிற்காதவர், சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரை எப்போது காணலாம் என்று தானாகவே கேட்க வேண்டும். அது வைத்தியரை நம்பாததாக ஆகாது.

நொதியக் குளிசை

மலத்தில் கொழுப்புப் போகிறவருக்கும் மெலிகிறவருக்கும் சதையி நொதியத்தைக் குளிசையாகக் கொடுப்பார்கள். பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு லிப்பேஸ், சிற்றுண்டிக்கு அதில் பாதி என்பது தொடங்கும் அளவு. சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். முதல் வாயோடு ஒன்று, இடையில் ஒன்று என்று பிரிக்கலாம். சாப்பிட்டு எழும்பிய பிறகு போட்டால் பாதிப் பயன்தான். அளவு சரியானால் சொதியையும் பால்கறியையும் முற்றாக ஒதுக்கத் தேவையில்லை. கொழுப்பை முழுதாக விட்டால் மெலிவு கூடும்.

இந்த மருந்து பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுகிறது. காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் மக்கள் நிறைந்து வாழும் இடத்தில் இதை மருந்து எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் ஆள் குளிசையைச் சொல்லாமல் நிறுத்திவிடுவார். வைத்தியர் அளவு போதவில்லை என்று நினைப்பார். வேறு மருந்து இல்லாத இடத்தில் மார்க்கம் தரும் சலுகையைப் பற்றித் தமக்கு நம்பிக்கையான மௌலவியிடம் பேசி முடிவெடுக்க நோயாளருக்கு நேரம் கொடுப்பதுதான் மரியாதை. தாவர உணவு மட்டும் உண்ணும் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

ஸ்டென்ட் வைத்தவரின் கொப்பியில் இருக்க வேண்டியவை

ஈ.ஆர்.சி.பி.யும் ஈ.யூ.எஸ்.உம் எல்லா ஆதார வைத்தியசாலைகளிலும் நடப்பதில்லை. பெரிய வைத்தியசாலைக்கு, சில வேளை கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புவார்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ், துணைக்கு ஒருவர், அவருடைய இரண்டு நாள் கூலி. நோவு தணிந்ததும் அடுத்த திகதிக்குப் போகாமல் விடுவது இந்தச் செலவாலும்தான். ஆனால் மறந்துபோன ஸ்டென்ட் அடைத்து, கிருமி பிடித்து, கானையே மேலும் கெடுக்கும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இவை இருக்கட்டும்:

1. ஸ்டென்ட் வைத்த திகதி, எந்தக் கானில், என்ன அளவு.
2. தானே விழுந்துவிடும் மெல்லிய தற்காலிகக் குழாயா, திரும்பிப் போய் எடுக்க வேண்டியதா. முதல் வகை என்றாலும் விழுந்துவிட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும்.
3. மாற்ற அல்லது எடுக்க வேண்டிய திகதி.
4. ஸ்கான் படங்களின் சீடி எங்கே இருக்கிறது. அறிக்கைத் தாள் மட்டும் போதாது. நிபுணர் படத்தைத்தான் பார்ப்பார்.

இடையில் காய்ச்சல், நடுக்கம், கூடிய நோவு வந்தால் கொழும்புத் திகதிக்குக் காத்திராமல் கிட்டவுள்ள வைத்தியசாலைக்கே போக வேண்டும். அங்கே டியூட்டியில் இருக்கும் வைத்தியர் புதியவராக இருப்பார். வயிற்று நோவு என்று தொடங்காமல், “சதையிக் கானில் ஸ்டென்ட் இருக்கிறது” என்பதை முதல் வசனமாகச் சொல்லி, கொப்பியை அவர் கையில் கொடுங்கள்.